எத்தனை வீதம் அடைப்பு? குருதியோட்டத்தைக் கணக்கிடும் பொறியியல்

அஞ்சியோகிராம் செய்துகொண்டு ஒருவர் வீடு திரும்பினால், பார்க்க வருபவர்களின் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "எத்தனை பேர்சன்ட் அடைப்பாம்?" எண்பது என்று பதில் வந்தால் முகங்கள் வாடுகின்றன. நாற்பது என்றால் வீடே ஆறுதலாக மூச்சு விடுகிறது. அந்த ஓர் எண்ணைக் கொண்டே நோயாளியின் நிலைமையை எல்லோரும் எடைபோட்டு விடுகிறோம்.

எண்ணில் பிழையில்லை. ஆனால் அது சொல்வது குழாயின் வடிவத்தை மட்டுமே. இந்த இடத்தில் நாடியின் உட்பக்கம் இவ்வளவு ஒடுங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. இதயத்தசைக்கு வேண்டியதோ வடிவமல்ல, குருதி. ஒடுக்கத்துக்கு அப்பால் போதுமான குருதி போய்ச் சேருகிறதா என்பதுதான் அதன் கேள்வி. வடிவத்தைப் பார்ப்பதும் ஓட்டத்தை அறிவதும் இரு வேறு காரியங்கள். முதலாவதற்குப் படம் போதும். இரண்டாவதற்கு ஒன்றில் அளக்க வேண்டும், அல்லது கணக்கிட வேண்டும்.

இவை இரண்டும் எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதை 'ஃபேம்' என்ற ஆய்வு காட்டியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த இந்த ஆய்வில், படத்தைப் பார்த்து வைத்தியர்கள் மதிப்பிட்ட ஒடுக்கங்களின் ஊடாக அமுக்கம் உண்மையில் எவ்வளவு குறைகிறது என்றும் அளந்தார்கள். 50 முதல் 70 சதவீத அடைப்பு என்று மதிப்பிடப்பட்டவற்றில் குருதியோட்டத்தை உண்மையாகவே தடுத்தவை 35 சதவீதம்தான். 71 முதல் 90 வரை என்று மதிப்பிட்டவற்றில் 80 சதவீதம். 90க்கு மேற்பட்டவற்றில் 96 சதவீதம்.

மிகக் கடுமையான அடைப்பில் கண் சொல்வதை நம்பலாம் என்று தெரிகிறது. சிக்கல் நடுவில் இருக்கிறது. அறுபது என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயை வைத்தால், அது அவருக்குத் தேவையில்லாத ஒன்றாக இருக்கலாம். ஸ்டென்ட் வைத்தபின் குருதி உறையாமலிருக்க மாத்திரை எடுக்க வேண்டும். அதனால் இரத்தக்கசிவு அபாயமும் கூடவே வருகிறது. அதே அறுபதுக்கு ஒன்றும் செய்யாமல் விட்டால், மூன்றில் ஒரு பங்கினரின் இதயத்தசை குருதிக்கு ஏங்கியபடியே இருக்கும். படத்தில் இந்த இருவரையும் பிரித்தறிய முடியாது.

காணாததைக் கணக்கால் அறிந்தவர்கள்

குருதியோட்டத்தைப் பற்றி மனிதர் அறிந்துகொண்டவற்றில் பெரும்பகுதி கண்ணால் கண்டதல்ல, கருத்தால் அறிந்தது. டமஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் பணியாற்றிய வைத்தியர் இப்னு அந்நபீஸ், இப்னு ஸீனாவின் மருத்துவ நூலில் உள்ள உடலமைப்புப் பகுதிக்கு 1242 இல் ஓர் உரை எழுதினார். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு இடைச்சுவரிலுள்ள துளைகள் வழியாகக் குருதி கசிகிறது என்பதுதான் கிரேக்க வைத்தியர் கலென் காலத்திலிருந்து நிலவிய கருத்து. இப்னு அந்நபீஸ் அதை மறுத்தார். இடைச்சுவர் தடித்தது, அதில் துளையில்லை. ஆகவே குருதி சுவாசப்பைக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னர்தான் இடது பக்கம் வந்தாக வேண்டும் என்றார். அமைப்பு இப்படியென்றால் ஓட்டம் இப்படித்தான் இருக்க முடியும் என்பது அவருடைய வாதம். அந்தக் கையெழுத்துப் பிரதி 1924 இல் பெர்லின் நூலகமொன்றில் எகிப்திய வைத்தியர் ஒருவரின் கண்ணில் படும்வரை இந்த விடயம் மேற்குலகில் பெரும்பாலும் அறியப்படாமலே இருந்தது.

1628 இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி கையிலெடுத்தது இன்னும் எளிய ஆயுதம்: பெருக்கல். ஒரு துடிப்பில் இதயம் வெளித்தள்ளும் குருதி எவ்வளவு, அரை மணித்தியாலத்தில் எத்தனை துடிப்பு என்று பெருக்கிப் பார்த்தார். கிடைத்த தொகை உடலிலுள்ள மொத்தக் குருதியையும் விஞ்சி நின்றது. அவ்வளவையும் ஈரல் புதிது புதிதாக உண்டாக்க வழியில்லை. எனவே அதே குருதிதான் சுற்றிச் சுற்றி வருகிறது. நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்த்துளைக் குழாய்களை ஹார்வி கண்டதேயில்லை. மல்பீகி அவற்றைத் தவளையின் சுவாசப்பையில் நுணுக்குக்காட்டி வழியாகக் கண்டது 1661 இல். கணக்கு, கண்ணுக்கு முப்பத்து மூன்று வருடங்கள் முந்திக்கொண்டது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவிகளுக்கு அடுத்த பெயர் பரிச்சயமானது. புவசேயின் சமன்பாட்டை நாம் மண்ணெண்ணெய்க்கும் கிளிசரினுக்கும் பிரயோகித்துப் பழகியிருக்கிறோம். ஆனால் புவசே அடிப்படையில் ஒரு பிரெஞ்சு வைத்தியர். குருதி அமுக்கத்தை அளக்க இரசமானியைப் பயன்படுத்தியவர். மெல்லிய குழாய்களில் திரவம் எப்படிப் பாய்கிறது என்று அவர் 1838 அளவில் கண்ணாடிக் குழாய்களை வைத்து ஆராயத் தொடங்கியதே உடலின் நுண்குழாய்களில் குருதி எப்படி ஓடுகிறது என்று அறியத்தான்.

அவர் கண்ட விதியில் மனத்தில் பதியவேண்டியது நான்காம் அடுக்கு. அமுக்க வித்தியாசம் மாறாதிருந்தால், பாயும் கனவளவு ஆரையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமமாகும். ஆரை பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை, பதினாறில் ஒன்றாகிறது. குழாயின் நீளம் இரண்டு மடங்கானால்கூட ஓட்டம் பாதிதான் குறையும். எனவே நாடியின் ஆரையில் ஏற்படும் சிறு மாற்றமும் பெரிய விடயம். அதேபோல ஆரையை அளப்பதில் நேரும் சிறு பிழையும் பெரிய பிழை. இந்த இரண்டாவது வசனத்தை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்படியானால் பாதி ஒடுங்கிய நாடி உள்ளவர் நாற்காலியில் அமர்ந்திருக்கும்போதே துடித்துப் போக வேண்டுமல்லவா? அப்படி நடப்பதில்லை. மாடிப்படி ஏறும்போதுதான் நெஞ்சு இறுகுகிறது. ஏன்?

இதயத்தசைக்கே குருதி கொண்டு செல்லும் முடியுரு நாடிகள் தொடக்கத்தில் 3, 4 மில்லிமீற்றர் விட்டமுள்ளவை. அவற்றின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்நாடிகள் இருக்கின்றன. ஓய்வில் இந்த நுண்நாடிகள் சுருங்கியே இருக்கும். ஓட்டத்துக்கான தடையின் பெரும்பங்கு அங்கேதான். உழைக்கும்போது அவை விரிந்து வழிவிடும். மின்சுற்றில் தொடராக இணைத்த இரண்டு தடைகளைப் போல இதை எண்ணிப் பார்க்கலாம். உதாரணத்துக்கு மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். தொடக்க அமுக்கம் 100. ஒடுக்கத்தின் தடை 1. ஓய்வில் நுண்நாடிகளின் தடை 9. மொத்தத் தடை 10, ஆகவே ஓட்டம் 10. ஒடுக்கமே இல்லாதிருந்தால் ஓட்டம் 11 ஆக இருந்திருக்கும். வித்தியாசம் சொற்பம், ஆளுக்கு ஒன்றும் தெரியாது.

இப்போது அவர் படியேறுகிறார். நுண்நாடிகள் விரிந்து தடை 2 ஆகிறது. ஒடுக்கமில்லாத இதயத்தில் ஓட்டம் 50 ஆக உயர்ந்திருக்கும். இவருக்கோ மொத்தத் தடை 3. ஓட்டம் 33 தான். இதயத்தசை ஐம்பது கேட்கிறது, கிடைப்பது முப்பத்து மூன்று. நெஞ்சு நோவு அந்தப் பற்றாக்குறையின் குரல். ஒடுக்கத்துக்கு அப்பாலுள்ள அமுக்கத்தையும் கணித்துப் பாருங்கள்: ஓய்வில் 90 ஆக இருந்தது 67க்கு இறங்கிவிடுகிறது.

அந்த 67ஐ 100ஆல் வகுத்தால் வரும் 0.67 தான் இக்கட்டுரையின் முக்கியமான எண். நுண்நாடிகள் முழுதாக விரிந்த நிலையில், ஒடுக்கத்துக்கு அப்பாலுள்ள அமுக்கத்தை அதற்கு முன்னுள்ள அமுக்கத்தால் வகுப்பது. இந்த ஓட்டப் பின்னம் 1 என்றால் தடையே இல்லை. 0.80 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஒடுக்கம் உண்மையில் தீங்கு செய்கிறது என்று கொள்கிறார்கள். நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸ், பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி புரூய்ன் ஆகிய இதய வைத்தியர்கள் 1990களில் இதை வளர்த்தெடுத்தார்கள். அளப்பதற்கு, நுனியில் அமுக்கவுணரி பொருத்திய முடி போன்ற கம்பியொன்றை மணிக்கட்டிலோ தொடையிலோ உள்ள நாடி வழியாக இதயம்வரை செலுத்தி, ஒடுக்கத்தைத் தாண்டி நிறுத்த வேண்டும். நுண்நாடிகளை விரிக்க அடினோசின் என்ற மருந்தைக் கொடுப்பார்கள்.

பலன் கிடைத்தது. 2009 இல் வெளிவந்த ஃபேம் ஆய்வில் பல நாடிகளில் ஒடுக்கமுள்ள 1005 பேர் பங்குபற்றினார்கள். படத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை செய்த பிரிவில் ஒருவருக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட், கம்பியால் அளந்து செய்த பிரிவில் 1.9. ஒரு வருடத்துக்குள் மரணம், மாரடைப்பு அல்லது மீண்டும் சிகிச்சை என்ற நிலை ஏற்பட்டவர்கள் முதற் பிரிவில் 18.3 சதவீதம், இரண்டாவதில் 13.2 சதவீதம். குறைவாக வைத்தும் நன்றாக இருந்தார்கள்.

கம்பி உடலுக்குள் போகாமலே அந்தப் பின்னத்தை அறிய முடியுமா? பொறியியலாளர்கள் நுழைந்தது இந்த இடத்தில்தான்.

ஒலியும் காந்தமும்

உடலைத் திறக்காமல் அமுக்கத்தை அறிவது முழுக்கப் புதியதல்ல. 'எக்கோ' பரிசோதனை செய்துகொண்ட பலருக்கு, உள்ளே ஒரு பேணூலிக் கணக்கு நடந்தது தெரிந்திருக்காது. கழியொலி அலைகள் ஓடும் செங்குழியங்களில் பட்டுத் தெறிக்கும்போது அவற்றின் மீடிறன் மாறுகிறது. இது டொப்ளர் விளைவு. மாற்றத்திலிருந்து குருதியின் வேகம் கிடைக்கிறது. வேகம் தெரிந்தால் அமுக்க வீழ்ச்சியையும் கணிக்கலாம். குருதியின் அடர்த்தி ஏறத்தாழ 1060 கிலோகிராம் கனமீற்றருக்கு. அதன் பாதி 530. ஒரு மில்லிமீற்றர் இரசம் என்பது 133 பஸ்கால். 530ஐ 133ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4. ஆகவே வேகத்தை வர்க்கித்து நான்கால் பெருக்கினால் அமுக்க வீழ்ச்சி மில்லிமீற்றர் இரசத்தில் வந்துவிடும். ஒடுங்கிய வால்வினூடாகக் குருதி செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் பீறிட்டால் வீழ்ச்சி 64. கொப்பியின் ஓரத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. 1970களின் இறுதியில் நோர்வேயின் லிவ் ஹாட்லே என்ற பெண் இதய வைத்தியர், பொறியியலாளர் பியோர்ன் ஆங்கெல்செனுடன் சேர்ந்து இதைக் கட்டிலருகே செய்யக்கூடிய நம்பகமான முறையாக்கினார். அதுவரை குழாய் செலுத்தி அளந்ததை, நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்து அறிய முடிந்தது.

எம்.ஆர்.ஐ. இன்னொரு வழி. காந்தப்புலத்தில் நகரும் குருதியிலிருந்து வரும் சமிக்ஞையின் அவத்தை, வேகத்துக்கு ஏற்ப மாறுகிறது. மூன்று திசைகளிலும் இதை அளந்து, ஒரு துடிப்பின் காலம் முழுவதும் தொடர்ந்தால், பெருநாடியில் குருதி சுழித்தோடுவதைத் திரையில் வண்ணக் கோடுகளாகக் காணலாம். பார்க்க மிக அழகான படங்கள். ஆயினும் முடியுரு நாடி மூன்று மில்லிமீற்றர்தான், அது ஒவ்வொரு துடிப்புக்கும் அசைந்துகொண்டேயிருக்கிறது. அங்குள்ள ஒடுக்கத்துக்குள் வேகத்தை நம்பகமாக அளக்க எக்கோவும் போதாது, எம்.ஆர்.ஐ.யும் போதாது.

அந்த நாடியின் வடிவத்தைத் தெளிவாகத் தருவது சீ.ரி. ஸ்கேன். அயடீன் கலந்த திரவத்தைக் கைநாளத்தில் ஏற்றி, இதயத்துடிப்பை மருந்தால் சற்று மெதுவாக்கி, சில வினாடிகளில் எடுத்துவிடுகிறார்கள். ஆனால் அது மீண்டும் வடிவம்தான். வடிவத்திலிருந்து ஓட்டத்துக்குப் போக இப்னு அந்நபீஸுக்குத் தர்க்கம் துணை நின்றது. இப்போது நிற்பது கணினி.

நாடியை எண்களாக்குதல்

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியலாளர் சார்ள்ஸ் டெய்லரும் நாடிச் சத்திரசிகிச்சை நிபுணர் கிறிஸ்டோபர் ஸரின்ஸும் 1990களிலிருந்தே நாடிகளில் குருதியோட்டத்தைக் கணினியில் கணிக்க முயன்று வந்தார்கள். அவர்கள் தொடங்கிய ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் முறைக்கு 2014 நவம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. 2017 இல் பிரித்தானியாவின் தேசிய சுகாதார வழிகாட்டி நிறுவனமும் அதைப் பரிந்துரைத்தது.

வேலை நடக்கும் முறை இதுதான். சீ.ரி. படத்தில் எது நாடியின் உட்புறம், எது சுவர், எது படிவு என்று முதலில் பிரித்தெடுக்கிறார்கள். மென்பொருள் கோடு வரையும். பயிற்சி பெற்றவர்கள் சரிபார்த்துத் திருத்துவார்கள். இதனால் அந்த நோயாளிக்கே உரிய நாடிமரம் ஒன்று கணினியில் உருவாகிறது. அடுத்து அதன் உள்வெளியை இலட்சக்கணக்கான சின்னஞ்சிறு நான்முகிகளாகத் துண்டாக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் குருதியின் வேகம் என்ன, அமுக்கம் என்ன என்பதே கேள்வி.

விடைதர வேண்டியவை நேவியே - ஸ்டோக்ஸ் சமன்பாடுகள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டியதில்லை. நியூட்டனின் இரண்டாம் விதியைத் திரவத்தின் ஒரு சிறு துளிக்கு எழுதியது போலத்தான்: துளியின் ஆர்முடுகலை அமுக்க வித்தியாசமும் பிசுக்குமையும் தீர்மானிக்கின்றன. எழுதுவது எளிது, தீர்ப்பதுதான் கடினம். இச்சமன்பாடுகளுக்கு முப்பரிமாணத்தில் எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்று நிறுவுபவருக்கு ஒரு மில்லியன் டொலர் பரிசு 2000ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. இன்னும் யாரும் பெறவில்லை. பொறியியலாளர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. சரியான தீர்வுக்குப் பதிலாக, ஒவ்வொரு துண்டிலும் போதுமான அளவு நெருங்கிய தீர்வைக் கணினியிடம் கேட்டுப் பெறுகிறார்கள்.

இனித்தான் நுட்பமான இடம் வருகிறது. நாடிமரம் படத்தில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் கிளைவரை தெரியும். அதற்கப்பால் உள்ள நுண்நாடிகள் தெரியாது. நாம் மேலே பார்த்த 9 என்ற தடையும் 2 என்ற தடையும் அந்தத் தெரியாத பகுதியில்தான் இருக்கின்றன. அவற்றை அறியாமல் கணக்கைத் தொடங்கவே முடியாது. ஆகவே உடலியல் விதிகளிலிருந்து ஊகிக்கிறார்கள். இதயத்தசையின் திணிவு படத்திலிருந்தே கிடைக்கும். கூடுதல் தசைக்குக் கூடுதல் குருதி வேண்டும் என்பதால் ஓய்வுநிலை ஓட்டத்தை அதிலிருந்து மதிப்பிடலாம். எந்தக் கிளை பெரிதோ அது பெரிய பகுதிக்கு ஊட்டமளிக்கிறது என்று கொண்டு ஓட்டத்தைப் பங்கிடலாம். பெருநாடியின் அமுக்கத்தைக் கையில் பட்டி கட்டி அளந்த சாதாரண 'பிரஷர்' தரும். அடினோசின் கொடுத்தால் நுண்நாடிகளின் தடை எவ்வளவு குறையும் என்பதற்கு, முன்னைய ஆய்வுகளில் மனிதரில் அளந்த சராசரியைப் பயன்படுத்துகிறார்கள்.

இத்தனையும் கொடுத்தபின் கணினி தீர்க்கிறது. நாடிமரத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஓட்டப் பின்னம் என்ன என்று நிறத்தால் காட்டும் ஒரு படம் வைத்தியரின் திரைக்கு வருகிறது. ஒடுக்கம் 60 சதவீதமாகவே இருக்கட்டும். அதற்கு அப்பால் பின்னம் 0.91 என்றால் கம்பியும் வேண்டாம், ஸ்டென்டும் வேண்டாம், மருந்தோடு இருக்கலாம் என்று முடிவெடுக்க வழியுண்டு. 0.70 என்றால் விடயம் வேறு.

இந்த வண்ணப் படத்தின் கவர்ச்சி ஆபத்தானது என்பது என் எண்ணம். அளந்த ஒன்றைப் போலவே அது தோற்றமளிக்கிறது. உண்மையில் அதில் பாதி அளவீடு, பாதி ஊகம். சராசரி மனிதரின் நுண்நாடிகளைப் போலத்தான் இவருடையவையும் விரியும் என்பது ஊகம். நீண்டகால நீரிழிவு நுண்நாடிகளையே பாதிக்கக்கூடியது. நம் வீடுகளில் நீரிழிவு எவ்வளவு சாதாரணம் என்பது பெற்றோருக்குத் தெரியும். நாடிச்சுவரில் கல்சியம் தடித்துப் படிந்திருந்தால் சீ.ரி. படத்தில் அது இருப்பதைவிடப் பருத்துத் தெரியும். உட்புறம் ஒடுங்கியதாகக் காட்டும். முன்னர் நினைவில் வைக்கச் சொன்னது இங்கே தேவைப்படுகிறது: ஆரையில் பத்தில் ஒரு பங்கு குறைத்து அளந்துவிட்டால், நான்காம் அடுக்கினால் அந்தப் பகுதியின் தடை ஒன்றரை மடங்காகிவிடும். படம் எடுக்கும்போது இதயம் வேகமாகத் துடித்திருந்தாலும் இதே கதிதான். மங்கலான படத்திலிருந்து எந்தக் கணினியாலும் தெளிவான விடையைப் பெற முடியாது.

ஆகவே ஊகத்தை அளவீட்டோடு ஒப்பிட்டே ஆகவேண்டும். செய்தும் இருக்கிறார்கள். 2012 இல் 252 நோயாளிகளில் கணினி சொன்ன பின்னத்தையும் கம்பி அளந்த பின்னத்தையும் ஒப்பிட்ட ஆய்வு, முன்கூட்டியே குறித்திருந்த துல்லியத்தை எட்டவில்லை. முறையைத் திருத்தி, படங்களின் தரத்தையும் கவனித்து மறுபடி செய்தார்கள். 2014 இல் 254 பேரில் நடந்த அடுத்த ஆய்வில் முன்னேற்றம் தெரிந்தது: உண்மையில் தடையுள்ள நூறு பேரில் 86 பேரைக் கணினி சரியாகப் பிடித்தது, தடையில்லாத நூறு பேரில் 79 பேரைச் சரியாக விடுவித்தது. மறுபக்கமாகச் சொன்னால் முதல் நூறில் 14 பேரைத் தவறவிட்டது, இரண்டாவது நூறில் 21 பேரை வீணாகப் பயமுறுத்தியது. 0.80 என்ற எல்லைக்கோட்டை ஒட்டி வரும் விடைகளைக் கம்பியால் உறுதிசெய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

நடைமுறையில் பயன் என்ன? ஐரோப்பாவில் நடந்து 2015 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அஞ்சியோகிராம் செய்யத் தீர்மானிக்கப்பட்டவர்களை எடுத்துக்கொண்டது. வழக்கம்போல் நேரே அஞ்சியோகிராமுக்குப் போனவர்களில் 73 சதவீதத்தினருக்கு அங்கே குறிப்பிடத்தக்க அடைப்பு எதுவும் இருக்கவில்லை. சீ.ரி.யும் கணினிக் கணக்கும் முதலில் செய்த பிரிவில் 61 சதவீதத்தினருக்கு அஞ்சியோகிராமே இரத்துச் செய்யப்பட்டது. பெரிய இலாபம்தான். எனினும் பிரித்தானியாவில் 1400 பேரில் செய்து 2021 இல் வெளியிட்ட ஆய்வு கொஞ்சம் நிதானத்தைக் கற்பித்தது. அஞ்சியோகிராம்கள் 22 சதவீதம் குறைந்தன. மொத்தச் செலவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை, நோயாளிகளின் வாழ்க்கைத்தரத்திலும் வித்தியாசமில்லை. கணக்கிடுவதற்கும் காசு செலவாகிறது. எல்லா நெஞ்சு நோவுக்கும் இது தேவை என்பதற்கில்லை. படம் நடுத்தர ஒடுக்கத்தைக் காட்டி வைத்தியரைத் தயங்க வைக்கும்போதுதான் அதன் பெறுமதி.

நிகழாததைக் கணக்கிடுதல்

இதுவரை பார்த்தது இருக்கும் ஓட்டத்தைக் கணிப்பது. கணினி மாதிரிக்கு இன்னொரு திறமை உண்டு: இன்னும் செய்யாத சத்திரசிகிச்சையின் பின் ஓட்டம் எப்படியிருக்கும் என்று முன்கூட்டிச் சொல்வது. கம்பியால் இதைச் செய்யவே முடியாது.

சில பிள்ளைகள், இதயத்தின் இரண்டு இதயவறைகளில் ஒன்று மட்டும் சரியாக வளர்ந்த நிலையில் பிறக்கிறார்கள். அந்த ஒன்றை உடலுக்குக் குருதி அனுப்ப விட்டுவிட்டு, உடலிலிருந்து திரும்பும் குருதியை இதயத்தைத் தொடாமல் நேரே சுவாசப்பைக்குத் திருப்பிவிடும் சிகிச்சையை பிரான்ஸின் பிரான்சிஸ் ஃபொன்டான் 1968 இல் முதன்முதலாகச் செய்தார். சுவாசப்பைக்குத் தள்ள இனி பம்பி இல்லை. நாளங்களில் மிஞ்சியிருக்கும் சொற்ப அமுக்கத்திலேயே குருதி வழிந்தோட வேண்டும். எனவே இணைப்பின் வடிவத்தில் வீணாகும் சிறு சக்தியும் பிள்ளைக்கு நட்டம். மேலிருந்து வரும் நாளமும் கீழிருந்து வரும் நாளமும் நேருக்கு நேர் மோதும்படி இணைத்தால் இரண்டு அருவிகளும் முட்டிச் சக்தியை இழக்கும். சற்று விலக்கி இணைத்தால் இழப்பு குறையும். இலண்டனின் சத்திரசிகிச்சை நிபுணர் மார்க் டி லெவாலும் இத்தாலியின் மிலான் நகரப் பொறியியலாளர்களும் சேர்ந்து 1996 இல் இதைக் கணினியில் காட்டினார்கள். சத்திரசிகிச்சைக் கூடமும் பொறியியல் கூடமும் ஒரே மேசையில் அமர்ந்த ஆரம்பகால உதாரணங்களில் அது ஒன்று.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஈரலிலிருந்து வரும் குருதி இரண்டு சுவாசப்பைகளுக்கும் போயாக வேண்டும். ஒன்றுக்குக் கிடைக்காவிட்டால் அந்தச் சுவாசப்பையில் நாடிகளும் நாளங்களும் முறைகேடாக இணைந்து வளரத் தொடங்கும். அலிசன் மார்ஸ்டன் என்ற பெண் பொறியியலாளரும் அவரது குழுவினரும் கீழ்நாளத்தின் குருதியைக் கவைக்கம்பு போல இரண்டாகப் பிரிக்கும் குழாயொன்றைக் கணினியில் வடிவமைத்துப் பரிசோதித்து 2009 இல் வெளியிட்டார்கள். அதன்பின் அது சில பிள்ளைகளுக்குப் பொருத்தவும்பட்டது. எந்தக் கிளை எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை வேறுபட்டது. எல்லோருக்கும் பொதுவான வடிவம் ஒன்று இல்லை என்பதும் கணக்கிலிருந்தே தெரிய வந்தது.

மார்ஸ்டன் இயந்திரப் பொறியியல் படித்தவர். இத்துறையில் வைத்தியப் பட்டம் இல்லாமலும் ஒரு குழந்தையின் சிகிச்சைத் திட்டத்தில் பங்கெடுக்க முடியும் என்பதை உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும் மாணவிகளும் அவர்களுடைய உம்மா வாப்பாமாரும் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். உயிரியல் எடுத்தால் மட்டுமே வைத்தியசாலைப் பக்கம் போகலாம் என்ற எண்ணம் நம்மிடையே உறுதியாக இருக்கிறது. மேலே சொன்ன வேலையில் பெரும்பங்கு இணைந்த கணிதமும் பௌதிகவியலும்தான். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியலுக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. மார்ஸ்டனின் குழு பயன்படுத்தும் சிம்வஸ்குலர் என்ற மென்பொருள் இலவசமானது. ஓரளவு நல்ல கணினியும் இணைய வசதியும் இருந்தால் தரவிறக்கிக்கொள்ளலாம். பழகுவதற்கான மாதிரிப் படங்களும் கிடைக்கின்றன. படமொன்றைத் திறந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, சாம்பல் நிறத்தில் தெரியும் நாடி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து, சுட்டியால் அதன் நடுவே ஒன்றன்பின் ஒன்றாகப் புள்ளி வைத்துக்கொண்டு போவது.